பிப்ரவரிக்கு முந்நூறு

ஜூஜூவாடி வரைக்கும் நான் இலவசம்.
நகரப் பேருந்து, மகளிர் சீட்டு, விலை பூஜ்யம்.
இறங்கி, லாரிகளுக்கு இடையில் நடந்து
அத்திப்பள்ளியில் அடுத்த பேருந்து.
அங்கேயும் பெண்களுக்கு இலவசம்தான்.
நடத்துநர் என் ஆதாரைத் திருப்பி முகவரி படிப்பார்.
"ஹொசூரா? டிக்கெட் தகொள்ளி மேடம்."
இருபத்துநாலு ரூபாய்.
மழை நாளில் மட்டும்
படிக்காமலே சீட்டைக் கிழித்துவிடுவார்.

பொம்மசந்திராவில் வால்வு செய்கிற கம்பெனி.
மாடியில், ஏசி எட்டாத மூலையில் என் மேசை.
நூற்றுப் பன்னிரண்டு பேர் சம்பளம்
என் விரல் வழியாகப் போகிறது.
நாற்பத்தொரு பேர் என்னைப்போல
எல்லைக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவர்கள்.
தொழில்வரிக் கட்டத்துக்கு
யார் எங்கே தூங்கினால் என்ன?
இருபத்தையாயிரம் தொட்டால் இருநூறு.
பிப்ரவரியில் முந்நூறு.
இருப்பதிலேயே குள்ளமான மாதம்,
அதன் தலையில் நூறு கூட.
ஏன் சார் என்று ஆடிட்டரிடம் கேட்டேன்.
"வருஷத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு.
மாசம் இருநூறு போட்டால் நூறு மிஞ்சும்மா.
மிச்சத்தை யாராவது சுமக்கணுமில்லே?"

என் வீட்டு ஓனர் நஞ்சாரெட்டி
பத்தாயிரம் வாங்கிக்கொண்டு
எட்டாயிரத்து முந்நூறுக்கு ரசீது தருகிறார்.
அதற்கு மேல் போனால் பான் நம்பர் கேட்பார்களாம்.
ஸ்டாம்பை நாக்கில் தடவி ஒட்டி
மிச்சத்தை நானும் சுமக்கிறேன்.

பிப்ரவரி முடிந்த வாரம்
அசெம்பிளியிலிருந்து மாதையன் மேலே வந்தார்.
சூளகிரிக்காரர். கைரேகைகளில் கிரீஸ்.
ஜனவரியில்தான் நூற்றைம்பது உயர்வு,
இருபத்துநாலாயிரத்துத் தொள்ளாயிரம்
இருபத்தையாயிரத்து ஐம்பது ஆனது.
லைனில் எல்லோருக்கும் மிக்சர் வாங்கிக் கொடுத்தார்.
ஜனவரி ரசீதில் பழையதைவிட ஐம்பது குறைவு.
பிப்ரவரியில் நூற்றைம்பது.
"ஏறினதுக்கா மேடம் இறங்குது?"

கணக்குப் போட்டுக் காட்டினேன்.
கணக்கு சரியாக இருந்தது.
அவர் சட்டைப் பையிலிருந்து
நாலாக மடித்த தாளை எடுத்தார்.
*ஐயா, தாங்கள் அன்போடு கொடுத்த உயர்வைத்
தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளவும்.
எனக்கு வருத்தம் இல்லை.*

மேனேஜருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.
நான் கன்னடத்தில் சொன்னேன்.
சொல்லும்போது 'அன்போடு' என்பதை விட்டுவிட்டேன்,
ஏனென்று தெரியவில்லை.
அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை.
சம்பளத்தைக் குறைக்க
எங்கள் சாஃப்ட்வேரில் பட்டன் இருக்கிறது;
கேட்டு வாங்கிக் குறைக்க இல்லை.

மாதையன் உட்காரவில்லை. நின்றபடியே
"இந்தக் காசு சூளகிரிக்குப் போகுமா?"
போகாது.
"அப்ப இங்கதானே எதையாவது செய்வாங்க?"
செய்வார்கள்.
"என்ன செய்வாங்க?"
நான் சாளரத்துக்கு வெளியே பார்த்தேன்.
தோண்டிய சாக்கடை, கேபிள் சுருள்,
நம் கேட்டுக்கு எதிரே
போன மாதம் நட்ட விளக்குக் கம்பம்.
எது எந்தக் காசு என்று எனக்குத் தெரியாது.
ஆனால் என் கண் போன இடத்துக்கு
அவர் கண்ணும் போனது.

மறுநாள் காலை எட்டே முக்கால்.
பேருந்திலிருந்து இறங்குகிறேன்,
கம்பத்துக்குக் கீழே மாதையன்,
கையில் டிபன் பை,
அண்ணாந்து பார்த்துக்கொண்டு.
வெயில் ஏறிவிட்டது. விளக்கு எரிகிறது.

"யார்கிட்ட சொல்லணும் மேடம்?
பகல்ல எரியுது."

எனக்குத் தெரிந்த ஒரே நம்பர்
ஓசூர் மின்வாரியத்தினுடையது.
செக்யூரிட்டியிடம் கேட்டோம்,
அவர் ஒடிசாக்காரர், வந்து நாலு நாள்.
ஷிஃப்ட் மணி அடித்தது.
மூன்று பேரும் இன்னும் கொஞ்ச நேரம்
அதன் கீழேயே நின்றோம்.